அண்ணையின் முன்பல்லும் என் ட்ரம்மும்

உரும்பிராயிலிருந்து மருதனார்மடம் வரைக்கும் என் அண்ணை கிருபைரட்ணத்தைத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் அவர் தங்கள் ஒழுங்கைக்குள் வருவதை ஒருவரும் விரும்பமாட்டார்கள். செத்தவீட்டுப் பாண்டில் ட்ரம்பெற் ஊதுகிறவர் அவர். வீட்டிலிருந்து தேவாலயத்துக்கும், அங்கிருந்து சேமக்காலை என்கிற இடுகாட்டு வாசல் வரைக்கும் பெட்டிக்கு முன்னால் முப்பத்தெட்டு வருடமாக ஊதிக்கொண்டு நடக்கிறார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவன். அவருக்குப் பின்னால் பெரிய ட்ரம்மை நெஞ்சில் கட்டிக்கொண்டு அடிக்கிறவன். முப்பத்தொரு வருடமாக அவருடைய பிடரியைப் பார்த்தபடிதான் அடித்திருக்கிறேன். அந்தப் பிடரி கறுப்பாக இருந்ததையும் கண்டேன், நரைத்ததையும் கண்டேன்.

கிழமை நாட்களில் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு கராச்சில் அவருக்கு வேலை. அடிபட்ட வாகனங்களின் நெளிவு எடுப்பார். செத்தவீடு என்றால் முதலாளி தடுக்கமாட்டார். சுத்தியலை வைத்துவிட்டு, கையைக் கழுவி, பாண்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். தன் ட்ரம்பெற்றில் நெளிவு விழுந்தாலும் அவரேதான் தட்டி எடுப்பார், வேறு ஆளைத் தொடவிடமாட்டார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் சட்டிபானையோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் ட்ரம்பெற்றை உடுக்கிற சாரத்தில் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போனார். அண்ணி பியாட்றிஸ் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். "பிள்ளையின்ரை பால்மாவை விட்டிட்டுக் குழலைக் கொண்டு வந்த மனிசன்" என்பார்.

எங்கள் பாண்டில் ஒருவருக்கும் நோட்டு வாசிக்கத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், அண்ணை எட்டு. காதால் கேட்டு, வாய்க்குள் முணுமுணுத்துப் பழகியதுதான் எல்லாம். ஆனால் வேகம் பிழைத்தால் அண்ணைக்குப் பொறுக்காது. நான் கொஞ்சம் விரைந்து அடித்துவிட்டால், வாயை எடுக்காமலே இடது கையைப் பின்னுக்கு விட்டு ஒரு வெட்டு வெட்டுவார். எல்லாம் முடிந்து கோட்டைக் கழற்றும்போது அதே பேச்சு வரும்.

"சேமக்காலைக்கு ஓட்டப்பந்தயமோடா? எங்களுக்குத் தாளம் சொல்லுறவர் பின்னாலை பெட்டிக்கை படுத்திருக்கிறார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. உனக்கென்ன அவசரம்?"

முப்பத்தொரு வருடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் இன்னும் நீளும்.

போன வருடக் கடைசியில் அவர் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கினார். பிறகு கொய்யாப்பழத்தை வெட்டித் தரச் சொன்னார். கொய்யாப்பழத்தை யாராவது வெட்டிச் சாப்பிடுவார்களா? நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. ஒரு நாள் ஊதி முடித்துவிட்டு வாயைத் துடைத்தார். லேஞ்சியில் இரத்தம். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பல் வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

மேல் முன்பல் நாலும் ஆடுகிறது, பல்லடி முரசுச் சதைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்றார் டொக்டர். அவர் அண்ணையின் மகள் ஷெரோனின் வயதுப் பெண்.

"ஐயா, உதுகளை எடுக்கத்தான் வேணும். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு. சீழ் தாடைக்குள்ளை இறங்கினால் பெரிய ஒப்பரேசனிலைதான் முடியும்."

"எடுத்தால் ஊதலாமோ?" என்று அண்ணை கேட்டார்.

"என்ன ஊதுறது?"

அண்ணை சொன்னார். டொக்டர் கையுறையைக் கழற்றினார். "கட்டுப்பல் வைக்கலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம். ட்ரம்பெற் எண்டால்... நான் பொய் சொல்லமாட்டன் ஐயா."

ட்ரம்பெற்றை உதட்டில் வைத்து அமத்தும்போது அதைத் தாங்குவது அந்த நாலு பல்லுந்தான். மதில் விழுந்த பிறகு உதடு தனியாக எவ்வளவு நேரம் தாங்கும்?

பல் பிடுங்க முதல் திகதி தந்தார்கள். அன்றைக்கு ஒரு செத்தவீடு, போகவில்லை. இரண்டாம் திகதிக்குக் காய்ச்சல் என்றார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, காலையிலிருந்து கராச்சில் நின்றிருக்கிறார். மூன்றாம் முறை தந்த திகதி மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை. அண்ணிக்கு இது தெரியாது. பாண்டில் ஒருவருக்கும் தெரியாது. "வாயைத் திறந்தியோ, பிறகு என்ரை வாசல் மிதியாதை" என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

அவருக்காக மட்டும் பயந்தேன் என்று எழுதினால் அது பொய். எங்கள் பாண்டில் இரண்டாவது ட்ரம்பெற் சுரேஸ், சங்கக்கடை மனேச்சர், நாற்பது வயது. நன்றாக ஊதுவான். ஆனால் அண்ணை பக்கத்தில் நின்றால்தான் ஊதுவான். அண்ணை ஊதாவிட்டால் பாண்டு இல்லை. பாண்டு இல்லாவிட்டால் அந்த ட்ரம்மை வைத்து நான் என்ன செய்வது, நெல்லுக் கொட்டி வைப்பதா? ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை அவரை எப்படியாவது கொண்டுபோய்க் கதிரையில் இருத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்கு முதல் சனிக்கிழமைதான் கொழும்பிலிருந்து ஒரு சிம்பொனி இசைக்குழு பட்டணத்துக்கு வந்தது. வவுனியாவில் வங்கியில் வேலை செய்கிற ஷெரோன், தகப்பனும் தாயும் போகட்டும் என்று இரண்டு ரிக்கெற் எடுத்து அனுப்பியிருந்தாள். அண்ணி ஒரே மூச்சில் கதையை முடித்தார்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து பீப்பீ கேட்டு என்ரை காது செத்துப்போச்சு. எழுபது பேர் சேர்ந்து ஊதுறதை நான் வேறை போய்க் கேக்கோணுமோ? தம்பி, நீயே கூட்டிக்கொண்டு போ."

பின்னேரம் நான் போனால், அண்ணை பாண்டுக் கோட்டோடு வாசலில் நிற்கிறார். கருஞ்சிவப்புத் துணி, தோளில் மஞ்சள் குஞ்சம், எட்டுப் பித்தளைப் பொத்தான், வெள்ளைக் காற்சட்டை.

"அண்ணை, உதென்ன கோலம்?"

"கோட் போட்டுக்கொண்டு போகட்டாம் எண்டு ஷெரோன் சொன்னவள். எங்களிட்டை வேறை என்ன கோட் கிடக்கு? நீயும் போய்ப் போட்டுக்கொண்டு வா."

"ஆக்கள் சிரிப்பினம்."

"பாண்டுக்காரர் கூடுற இடத்துக்குப் பாண்டுக்காரனாய்த்தான் போகோணும். சேட்டோடை போனால் மட்டும் உன்னை மேடையிலை தூக்கி வைப்பினமோ?"

போட்டுக்கொண்டு வந்தேன். அவரோடு வாதாடி வென்றவர் இல்லை.

மண்டபத்து வாசலில் இறங்கியதும், கதைத்துக்கொண்டு நின்ற சனம் அப்படியே அடங்கிப்போனது. எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அங்கே நின்றவர்களில் பாதிப்பேரின் வீட்டுக்கு நாங்கள் இந்தக் கோட்டோடு போயிருக்கிறோம். அற்புதராணி ரீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். போன வருடம் அவருடைய கணவரைக் கொண்டுபோய் விட்டது நாங்கள்தான்.

"ஐயோ கிருபை, ஆர்? ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை ரீச்சர். வாத்தியம் கேக்க வந்தனாங்கள்."

"அதுக்கு உந்தக் கோட்டோடையே வாறது? எனக்கு மூச்சு நிண்டிட்டுது!"

படிக்கட்டில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவர் கோலைத் தூக்கிக் காட்டினார். "டேய், எனக்கு இன்னும் நாள் கிடக்கு. போயிட்டுப் பிறகு வாங்கோ!"

சனம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார், உதட்டைத் திறக்காமல். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அதற்குள் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு கொழும்புப் பெண் எங்களைக் கண்டுவிட்டாள். கோட்டைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் ஏதோ படபடவென்று சொல்லி எங்களைப் பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நாங்களும் வாசிக்க வந்தவர்கள், பிந்திவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். நான் "இல்லை, இல்லை" என்றேன். அண்ணை என் காலை மிதித்தார்.

"பேசாமல் வாடா."

பின்னால் ஒரு நீளமான விறாந்தை. சுவரோடு வாத்தியப் பெட்டிகள், கைப்பிள்ளை அளவிலிருந்து ஆள் அளவு வரைக்கும் சாத்தியிருந்தன. எங்கள் கண்ணுக்கு அதுகள் சவப்பெட்டியாக அல்லாமல் வேறு எப்படித் தெரியும்? ட்ரம்பெற்காரர் மூன்று பேர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மெதுவாக ஊதிப் பார்த்தார்கள். ஒருவருக்கு அண்ணையின் வயது இருக்கும். அவரிடம் போய் அண்ணை பல்லைக் காட்டி ஏதாவது கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். வேறு எதற்கு வந்திருக்கிறார்?

அண்ணை அவர்களைத் தாண்டிப் போனார். மூலையில் ஒரு தாங்கியில் பெரிய ட்ரம் ஒன்று நின்றது. என்னுடையதை அதற்குள் வைத்து மூடலாம். கண்ணாடி போட்ட மெலிந்த பெண் ஒருத்தி அதற்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணை கராச்சில் பழகிய சிங்களத்தில் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு தன் தாளைக் காட்டினாள். தாள் முழுக்க வெறுங்கோடு, ஒரு இடத்தில் மட்டும் ஒரு புள்ளி.

"என்னவாம்?" என்றேன்.

"நூற்றுச் சொச்சம் தாளம் எண்ணிக்கொண்டு சும்மா நிப்பாவாம். பிறகு ஒரு அடியாம்."

"ஒரு அடிக்கோ கொழும்பிலையிருந்து வந்தவ? நான் எங்கடை ஒழுங்கை திரும்ப முன்னம் அம்பது அடிப்பன்."

"ஓம், நீ அடிப்பாய்" என்றார் அண்ணை. ட்ரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

அட்டைக்காரி பட்டியலைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டு, எங்களைக் கொண்டுபோய்ச் சபையில் இருத்தினாள். வரிசைக்கு நட்டநடுவில் கதிரை. இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர். அவசரத்துக்கு எழும்பிப் போக வழி இல்லை.

தொடங்கியது. எழுபது பேரும் ஒன்றாகக் கையை ஏற்றி ஒன்றாக இறக்கினார்கள். முன்னால் ஒருவர் சின்னத் தடியை ஆட்டிக்கொண்டு நின்றார். நல்லாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாண்டுக் கோட்டு வெயிலில் நடக்கத் தைத்தது. குளிரூட்டிய மண்டபத்தில் இருந்தால் கழுத்தைக் கடிக்கும். காலை நீட்ட இடமில்லை. இருமல் வந்தது, விழுங்கினேன்.

அப்போது கோட்டுப் பொக்கற்றுக்குள் தொலைபேசி நடுங்கியது. நின்றது. திரும்ப நடுங்கியது. மூன்றாம் முறை கோட்டுக்குள் தலையைக் குனிந்து பார்த்தேன். செத்தவீடுகளை ஒழுங்கு செய்கிற மலர்ச்சாலைப் பஞ்சலிங்கம். அவன் சுகம் விசாரிக்க எடுக்கிற ஆள் இல்லை. எடுக்காததால் எழுதி அனுப்பியிருந்தான்: "திங்கள் பின்னேரம் 3. உரும்பிராய். இளைப்பாறின பஸ் டிரைவர். சரியோ? கெதியாய்ச் சொல்லு."

திங்கட்கிழமை!

சரி என்று போட்டால் அண்ணைக்குச் சாட்டுக் கிடைத்துவிடும். பின்னேரம் ஊதவேணும், காலையில் எப்படிப் பல்லைப் பிடுங்குவது என்பார். சீழ் தாடைக்கு இறங்கும். ஏலாது என்று போட்டால் பஞ்சலிங்கம் அடுத்த நிமிடமே வேறு பாண்டுக்கு எடுப்பான். ஒருமுறை கை மாறினால் மாறினதுதான். தொலைபேசியைப் பொக்கற்றுக்குள் தள்ளினேன். எடுத்தேன். திரும்பத் தள்ளினேன். என் முழங்கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. அண்ணை அதைக் கையால் அமத்தினார்.

"ஆடாதை. வரிசை முழுக்க ஆடுது."

அடுத்தது ஒரு மெதுவான பாட்டு. இரண்டு அடி வந்ததுமே எனக்குத் தெரிந்தது, இது பெட்டிக்கு முன்னால் நடக்கிற எங்களுடைய நடை. என் இடது கால் கேட்காமலே எழும்பி முன் கதிரையில் முட்டியது. அதே நொடியில் அண்ணையின் இடது காலும் முட்டியது. முன்னால் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எங்கள் கோட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ட்ரம்பெற்காரர் மூன்று பேரும் வாயில் வைத்தார்கள். அந்த வயதானவர் தனியாக ஊதினார். அண்ணைக்கு இப்போது என்ன செய்யுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பின்வரிசையில் எழும்பி நின்ற கண்ணாடிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அண்ணையின் விரலும் முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்தது.

அவள் அடித்தாள். ஓங்கி அடிக்கவில்லை. தடியைத் தோலில் வைத்து எடுத்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் கதிரைக் காலால் ஏறி என் கோட்டுப் பொத்தான் எட்டிலும் வந்து நின்றது. பிறகு உள்ளங்கையை வைத்து அதை அடக்கினாள். அடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு அடியையும் அப்படி முடித்ததில்லை. ஒன்றை அடித்தால் அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

இடைவேளையில் வெளியே வந்து தேத்தண்ணி எடுத்தோம். மாமரத்துக்குக் கீழே நின்றோம். சனம் எங்களைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டே நின்றது.

"உன்ரை பொக்கற்றுக்கை துடிச்சது ஆர்?" என்று அண்ணை கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"பஞ்சலிங்கமோ?"

அவரிடம் பொய் சொல்ல நான் இன்னும் பழகவில்லை. "ஓம். திங்கள் மூண்டு மணி, உரும்பிராய். அண்ணை, இப்பவே சொல்லுறன், சாட்டுச் சொல்லாதேங்கோ. எட்டரைக்கு உங்களைச் சாக்கிலை போட்டுக் கட்டியெண்டாலும் கொண்டு போவன். பிறகு அண்ணியிட்டையும் சொல்லுவன், சுரேஸிட்டையும் சொல்லுவன். வாசல் மிதிக்கவேண்டாமெண்டால் மிதிக்கேல்லை."

அண்ணை தேத்தண்ணியை ஊதினார்.

"ஆர் இப்ப சாட்டுச் சொன்னது? சரி எண்டு போடு அவனுக்கு."

"அப்ப பல்லு?"

"எட்டரைக்குப் பல்லு. மூண்டு மணிக்குச் செத்தவீடு. ரண்டும் ஒரே நேரமே?"

"ஆர் ஊதுறது?"

"சுரேஸ் ஊதட்டும். எத்தினை வருசத்துக்கு என்ரை தோளுக்குப் பின்னாலை ஒளிச்சு நிக்கிறது?"

"நீங்கள்?"

அண்ணை ஒரு மிடறு குடித்தார். மண்டபத்துக் கதவைப் பார்த்தார். "உன்ரை ட்ரம் என்ன பாரமிருக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவ்வளவு வருடமும் அந்த ட்ரம்மில் பிழை பிடித்த மனிதர், கடைசியில் அதையே கேட்கிறார். இதற்காகத்தான் வந்திருக்கிறார். ட்ரம்பெற் பார்க்க வரவில்லை. தனக்கு வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"அது என்ரை ட்ரம்" என்றேன்.

"ஓம், உன்ரைதான். பாரம் என்னெண்டுதானே கேட்டனான்."

"உங்கடை முதுகும் நாரியும் அதைத் தாங்காது."

"தெரியும்."

"பிறகேன் கேக்கிறியள்?"

மணி அடித்தது. பஞ்சலிங்கத்துக்குச் "சரி" என்று போட்டுவிட்டு உள்ளே போனேன்.

மற்றப் பாதியில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் என் ட்ரம்மோடு இருந்தேன். அதன் வார் என் தோளில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது? தாளத்தட்டுப் பிடிப்பதா? கொடுக்காவிட்டால் இந்த மனிதர் செத்தவீட்டு நாளில் வீட்டில் என்ன செய்வார்? தூரத்தில் எங்கள் சத்தம் கேட்கக் கேட்க, படலையில் நிற்பாரா? கோட்டுக் கழுத்தைத் தளர்த்தினேன். பூட்டினேன். திரும்பத் தளர்த்தினேன். அண்ணை அசையாமல் இருந்தார்.

முடிய எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரி எழும்பிக் குனிந்தபோது, அண்ணை கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். வாயைத் திறந்து சிரித்தார். ஆடுகிற நாலு பல்லும் தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பின்னால் இருந்துகொண்டு என் முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு தட்டு, பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரு தட்டு. நான் வேண்டுமென்றே வேகமாக ஓடினேன். தட்டு மாறவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு நாலு பல்லும் போனது. அண்ணி பேசிய பேச்சு முழுக்க எனக்குத்தான் விழுந்தது. அண்ணை வாய்க்குள் பஞ்சோடு படுத்திருந்தார், அவரைப் பேசி என்ன பிரயோசனம்? பின்னேரம் படுத்தபடி இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டேமுக்காலுக்கு உரும்பிராய்ச் செத்தவீட்டு வாசலில் கோட்டோடு நின்றார். உதடு வீங்கி, முகம் கோணி இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. ட்ரம்பெற் இல்லாமல் அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை.

நான் இரண்டு இரவு நித்திரை இல்லாமல் யோசித்து வைத்ததை இரண்டு சொல்லில் சொன்னேன். வலக்கைத் தடியை அவரிடம் நீட்டினேன்.

"பாரம் என்ரை. வலப்பக்கத் தோல் உங்கடை, இடப்பக்கம் என்ரை. பக்கத்திலை நடவுங்கோ."

அவர் தடியை வாங்கி, அதன் தலையைத் தடவிப் பார்த்தார். பாண்டுக்காரர் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பெட்டியைத் தூக்கினார்கள். எனக்கு முன்னால் இப்போது சுரேஸின் பிடரி. பழக்கமில்லாத பிடரி, வேர்த்து வழிந்தது. முதல் சுரம் நடுங்கியது, கிட்டத்தட்ட விழுந்தது, பிறகு நிமிர்ந்தது. அண்ணையின் வீங்கிய உதடு அவனோடு சேர்ந்து அசைந்தது. பிறகு அடித்தார். நான் அடித்தேன். அவர் அடித்தார்.

முதல் ஒழுங்கை திரும்பவில்லை, மனிதர் விரையத் தொடங்கிவிட்டார்! சுரேஸ் ஓட, கிளாரினெற் ஓட, பெட்டி பின்னுக்கு நின்றுவிட்டது. நான் குனிந்து அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"அண்ணை, சேமக்காலைக்கு ஓட்டப்பந்தயமோ?"

முறைத்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது, ஆனால் வாய் முழுக்கப் பஞ்சு. தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். உதடு எண்ணியது. நாலு வீடு கடந்தோம். பிறகு ஒரே ஒரு அடி அடித்து, உள்ளங்கையைத் தோலில் வைத்து அடக்கினார்.

என் பக்கத்துத் தோலும் சேர்ந்து அடங்கிப்போனது. எனக்குக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை. அவர் எண்ணி முடிக்கும் வரைக்கும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அவருடைய காலுக்குக் கால் வைத்து நடந்தேன்.